ஒரு காதில் மட்டும்

மாலை ஆறு மணிக்கு மேல் மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் தாம்பரம் வரை நின்றுகொண்டுதான் போகவேண்டும். பெண்கள் பெட்டி. ஒரு கை மேலே கைப்பிடியில், இன்னொரு கை பையின்மேல். வலது காதில் இளையராஜாவின் ‘நத்திங் பட் விண்ட்’, இடது காதில் ரயில். பல வருடங்களாக இப்படித்தான் கேட்டுவருகிறேன்.

1988இல் வெளிவந்த அந்தத் தொகுப்பில் புல்லாங்குழல் வாசித்தவர் ஹரிபிரசாத் சௌராசியா. பாடல் வரிகள் கிடையாது. ‘கண்ணே’ என்றோ ‘மயிலே’ என்றோ யாரும் என்னை அழைப்பதில்லை என்பதே எனக்கு முதல் ஆறுதல்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாருமில்லாதபோது இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு கேட்டேன். எனக்கு அறிமுகமே இல்லாத வாத்தியங்கள் ஒலித்தன. ஸ்டீரியோ பதிவில் சில ஒலிகள் ஒரு பக்கமும் சில மறுபக்கமும் கூடுதலாகக் கேட்கும். இத்தனை வருடமும் நான் கேட்டது பாதி இசைதான்.

மீதியை நான் விட்டுக்கொடுத்தது எதற்காக? பின்னால் வரும் காலடிக்காக, கதவருகே திடீரென்று உயரும் குரலுக்காக. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், காலையில் வேலைக்குப் போகக் காத்திருந்த ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டாள். அன்றிலிருந்து அம்மா என்னிடம் சொல்வது, “ரோட்டுல போறப்ப அதைக் காதுல மாட்டிக்காதடி.” அவள் பயம் நியாயமானது. ஆனால் இந்த ஊரில் எச்சரிக்கை எப்போதும் பெண்ணின் காதுக்கே சொல்லப்படுகிறது.

மனதைத் தளர்த்தும் இசை என்று இன்று விற்கப்படுவது யாரை நினைத்துச் செய்யப்பட்டது? பிரையன் ஈனோ 1978இல் ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ வெளியிட்டார். கொலோன் விமான நிலையத்தில் காத்திருந்தபோது தோன்றிய யோசனை அது. கவனித்தும் கேட்கலாம், கவனிக்காமலும் இருக்கலாம் என்பதே அதன் அழகு. அந்தக் கவனமின்மைக்கு உட்கார ஓர் இருக்கையும், சுற்றியிருப்பவர்கள்மேல் நம்பிக்கையும் வேண்டும். அடுத்த வருடம் சோனியின் முதல் வாக்மேன் வந்தது. அதில் இருவர் சேர்ந்து கேட்க இரண்டு துளைகள் இருந்தன. இசையைத் தணித்து, பக்கத்திலிருப்பவர் பேசுவதைக் கேட்க ஒரு பொத்தானும் இருந்தது. வேண்டும்போது அழுத்தும் பொத்தான்! எங்களுக்கோ அது எப்போதும் அழுந்தியே இருக்கிறது. வெளிச்சத்தத்தை முழுக்க அழிப்பதாக இன்றைய கருவிகள் தரும் வாக்குறுதியும், எதையும் கேட்காமலிருந்தால் ஆபத்தில்லை என்று நம்ப முடிந்தவர்களுக்கானது.

இந்த இசையை நான் கேலி செய்யவில்லை. மேலதிகாரிக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவே, யாரும் என்னிடம் எதுவும் கேட்காத அரைமணி நேரம் அது. அதே பெட்டியில் ஒரு பெண் பூக்கட்டுகிறாள். இன்னொருத்தி பூண்டு உரிக்கிறாள். மற்றொருத்தி, குக்கர் மூன்று விசில் வந்ததும் அணைக்கும்படி கைபேசியில் மகளுக்குச் சொல்கிறாள். வீட்டுவேலை ரயிலிலேயே தொடங்கிவிடுகிறது. அந்த நிலையில் ‘ரிலாக்ஸ்’ என்ற பெயரில் வருவது, அடுத்த வேலைக்கு எங்களைத் தயார்செய்யும் இசையாகவும் ஆகிவிடுகிறது. நெரிசலையும் பயத்தையும் வேலைப்பளுவையும் அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றைத் தாங்கும் பொறுப்பை மட்டும் அது நம் தலையில் வைக்கிறது.

எனக்கு வேண்டியது இன்னும் நல்ல இயர்போன் அல்ல. கூடுதல் ரயில்கள், விளக்கெரியும் நடைமேடை, வீட்டில் குக்கரை அணைக்க இன்னொரு கை.

தாம்பரத்தில் இறங்கிப் பொதுப்பெட்டியைக் கடந்து நடக்கிறேன். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, ஓர் ஆண் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, பொறாமையாக இருக்கிறது.