செஞ்சோற்றுக் கடன்: பிறர் வீட்டில் தங்கிப் படித்த பெண்கள்

செஞ்சோற்றுக் கடன் என்றதும் நமக்குக் கர்ணன்தான் நினைவுக்கு வருகிறான். உண்ட சோற்றுக்காகப் போர்க்களத்தில் உயிரைக் கொடுத்த ஓர் ஆணின் கதை அது. பெண்ணின் செஞ்சோற்றுக் கடனைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரம் விருந்து படைப்பவரை நோக்கியே பேசுகிறது. விருந்தினரின் முகவாட்டம்கூட வீட்டுக்காரருக்கான எச்சரிக்கையாகத்தான் அங்கே வருகிறது. உண்பவர் பிடிக்காததை எப்படி விழுங்கினார், மறுநாளும் அதே வீட்டில் எப்படி இருந்தார் என்பதற்கு அதில் இடமில்லை. அந்த விருந்தினர் ஒரு பெண்ணாக இருந்து, படிப்புக்காக ஆண்டுக்கணக்கில் அங்கே தங்கவும் நேர்ந்தால் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியோடுதான் 1883ஆம் ஆண்டில் கடல் கடந்த இரண்டு பெண்களை மறுபடி வாசித்தேன். ஒருவர் ஆனந்திபாய் ஜோஷி. அந்த ஏப்ரலில் கல்கத்தாவில் கப்பல் ஏறி, ஜூனில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு 18 வயது. ஒன்பது வயதில் மணமாகி, 14 வயதில் பெற்ற குழந்தையைப் பத்தே நாளில் பறிகொடுத்தவர். இன்னொருவர் அவருக்கு உறவுமுறையான பண்டித ரமாபாய். விதவை, கையில் சிறு பெண்குழந்தை. அதே ஆண்டில் இங்கிலாந்தில் வான்டேஜ் என்ற ஊரிலுள்ள தூய கன்னி மரியாள் சகோதரியர் மடத்தில் போய்த் தங்கினார். இருவருமே மருத்துவம் படிக்கும் கனவோடு புறப்பட்டவர்கள். ரமாபாய்க்குக் காது மந்தம். அதனால் அவருடைய கனவு அங்கேயே முடிந்தது.

ஆனந்திபாய்க்கு வீடு கிடைத்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். அவருடைய கணவர் கோபால்ராவ் ஒரு பாதிரியாருக்கு எழுதிய கடிதம் அமெரிக்க மிஷனரி இதழொன்றில் வெளியானது. நியூ ஜெர்சியின் ரோசல் என்ற ஊரைச் சேர்ந்த தியோடோசியா கார்ப்பெண்டர், பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது அதைப் படித்தார். முன்பின் பார்த்திராத அந்தப் பெண்ணுக்குக் கடிதம் எழுதினார். கடிதங்களிலேயே உறவு வளர்ந்தது. ஆனந்திபாய் அவரைத் தாயின் சகோதரியாக வைத்து அழைத்தார். நம் வழக்கில் சொன்னால் சித்தி அல்லது பெரியம்மா.

இந்த உறவுமுறையைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்நியர் வீட்டுக்குள் நுழைகிற பெண் முதலில் செய்வது, அந்த வீட்டுப் பெண்ணை உறவாக்கிக்கொள்வதுதான். 'சித்தி' என்று கூப்பிட்டுவிட்டால் பாதுகாப்பு வந்துவிடும். கடனும் கூடவே வந்துவிடும். வகுப்பில் இதைப் பேசியபோது, திருப்பூரில் உறவினர் வீட்டில் தங்கிக் கல்லூரிக்கு வரும் ஒரு மாணவி சொன்னாள்: "எங்க சின்னம்மா ஒண்ணுமே சொல்ல மாட்டாங்க மேடம். அதுதானுங்க கஷ்டம்." சொல்லாமல் விடப்பட்ட வேலையை அவளே தேடித் தேடிச் செய்கிறாள். பாத்திரம் கழுவுகிறாள், தம்பிகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறாள், வேன் வருவதற்குள் வாசலும் கூட்டிவிடுகிறாள். யாரும் கேட்காத கடன் என்பதால் அது எப்போது தீரும் என்றும் அவளுக்குத் தெரியாது.

கார்ப்பெண்டர் வீட்டைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சித்திரம் இனிமையானது. ஆனந்திபாய் அங்கே சைவ உணவையே உண்டார். தன் கைப்படச் சமைத்தார். வீட்டுப் பெண்களுக்குப் புடவை கட்டிப் பார்த்தார். மதம் மாறும்படி அந்த வீடு அவரை நெருக்கவில்லை. இந்துவாகப் போகிறேன், இந்துவாகவே திரும்பி வருவேன் என்று புறப்படும் முன் செராம்பூரில் கூட்டம் போட்டுச் சொல்லிவிட்டு வந்தவர் அவர். அந்த வாக்கு அந்த வீட்டில் மதிக்கப்பட்டது. அன்பில்லாத வீடு என்று இதை யாரும் சொல்ல முடியாது.

ஆனால் சித்திரம் யார் கையிலிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆனந்திபாய் இறந்த மறு ஆண்டே, 1888இல், கரோலின் டால் அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவருக்குப் பெரும் ஆதாரம் கார்ப்பெண்டர் பாதுகாத்து வைத்திருந்த கடிதங்கள். தங்க இடம் தந்தவருக்கு, அந்நிய மொழியில், நன்றியோடு எழுதப்பட்ட கடிதங்கள் அவை. கணவருக்கு எழுதிய மராத்திக் கடிதங்களில் இருப்பவர் வேறொரு ஆனந்திபாய். காசிபாய் கானிட்கர் மராத்தியில் எழுதிய வரலாறும், அண்மையில் மீரா கோசாம்பியின் ஆய்வும் அந்தப் பெண்ணை நம் பக்கம் கொண்டுவந்தன. இரு வகைக் கடிதங்களையும் அருகருகே வைத்தால், நன்றிக்கு அடியில் அன்றாடம் தெரிய ஆரம்பிக்கிறது.

அந்த அன்றாடத்தில் முக்கியமானது குளிர். கல்லூரி இருந்த பிலடெல்பியாவில் அவருடைய அறைக் கணப்பு சரியாக எரியாது. மூட்டினால் அறை முழுக்கப் புகை. புகையா குளிரா என்று ஒவ்வொரு நாளும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. பின்கொசுவம் வைத்துக் கட்டும் ஒன்பது கஜப் புடவை காலையும் இடுப்பையும் முழுக்க மூடாது. அதனால் குஜராத்திப் பெண்களின் கட்டுக்கு மாறினார். மாறுவதற்கு முன் எத்தனை தயக்கம்! ஆடை விஷயத்தில் கணவரின் கடிந்துரைகளும் கடல் தாண்டி வந்து சேர்ந்தன. மனைவியைப் படிக்க அனுப்பிய முற்போக்காளர்தான் புடவைக் கட்டுக்கும் கணக்குக் கேட்டார்.

1885 அக்டோபரில் எடுத்த புகழ்பெற்ற புகைப்படத்தை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனந்திபாய், ஜப்பானின் கேய் ஒகாமி, சிரியாவின் சபாத் இஸ்லாம்பூலி ஆகிய மூன்று மருத்துவ மாணவிகள் அவரவர் நாட்டு உடையில் இருக்கிறார்கள். நம் மாணவிகள் இதைப் பெருமையோடு பகிர்ந்துகொள்கிறார்கள், பெருமைப்பட வேண்டியதுதான். ஆனாலும் ஒரு புடவை மீது எத்தனை பேருக்கு உரிமை இருந்தது என்பதையும் அதில் பார்க்கலாம். காட்சிக்கு அது கல்லூரிக்கு வேண்டும். மானத்துக்கு அது கணவருக்கு வேண்டும். குளிரை உணர்ந்தது அதைக் கட்டியிருந்த உடம்பு மட்டும்தான்.

வான்டேஜில் சண்டை சாப்பாட்டில் தொடங்கியது. ரமாபாய் வெறும் விருந்தாளியாக அங்கே இருக்கவில்லை. இந்தியாவுக்குப் போகவிருந்த சகோதரிகளுக்கு மராத்தி கற்பித்தார். அதற்கு ஈடாகவே உணவும் இடமும் ஆங்கிலக் கல்வியும் கிடைத்தன. உழைப்புக்கு ஊதியம் என்று எழுத வேண்டியதை மடம் தருமக் கணக்கில் எழுதியது. அங்கேதான் சிக்கல். 1883 செப்டம்பரில் ஞானஸ்நானம் பெற்ற பிறகும் ரமாபாய் புலால் உண்ண மறுத்தார். முட்டை சேர்ந்த பண்டங்களையும் தொடவில்லை. அவருக்குப் பொறுப்பாக இருந்த சகோதரி ஜெரால்டினுக்கு இது சாதித் திமிராகப் பட்டது. எதை நம்புவது, பிரார்த்தனையில் எந்தச் சொல்லைச் சொல்வது, சிலுவையில் எந்த மொழி இருக்கலாம், மகள் மனோரமாவுக்கு யார் என்ன சொல்லித் தருவது என்று ஒவ்வொன்றாக வாதம் நீண்டது. கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டேன், அதற்காக என் மனசாட்சியை உங்களிடம் ஒப்படைக்கவில்லை என்பதுதான் ரமாபாயின் கடிதங்கள் மீண்டும் மீண்டும் சொல்வதன் சாரம்.

இந்தக் கடிதங்களைத் தொகுத்துக் காத்தவரும் அதே ஜெரால்டின்தான். 1977இல் ஏ.பி. ஷா பதிப்பித்த பிறகே அவை பரவலாக வாசிக்கப்பட்டன. ஆனந்திபாய்க்கு நடந்தது ரமாபாய்க்கும் நடந்திருக்கிறது. விருந்தினரின் சொற்கள் விருந்தளித்தவரின் பெட்டிக்குள் இருந்துதான் நமக்கு வந்து சேர்கின்றன. ஒரே வேறுபாடு, ரமாபாய் அந்தப் பெட்டிக்குள்ளேயே சண்டையையும் போட்டு வைத்துவிட்டார்.

ரமாபாயைக் கொண்டாடும் பெண்ணிய வாசிப்புகள் பல இங்கே ஒரு படியைத் தாண்டிவிடுகின்றன. ஜெரால்டின் சொன்னது முழுக்கப் பொய்யா? ரமாபாயும் ஆனந்திபாயும் சித்பாவனப் பிராமணக் குடும்பங்களில் பிறந்தவர்கள். அவர்களுடைய சைவம் சாதியிலிருந்து வந்தது. அதே சைவம் வான்டேஜில், தன்னை முழுக்க விழுங்க வந்த ஒரு நிறுவனத்தின் முன், ஒரு பெண் விட்டுக்கொடுக்காத கடைசி உரிமையாகவும் இருந்தது. இரண்டும் உண்மை. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' வந்த காலத்திலிருந்து சமையலறையை அதிகாரத்தின் இடமாக வாசிக்கக் கற்றிருக்கிறோம். அந்த வாசிப்பில் சாதியையும் சேர்த்தால்தான் ரமாபாயின் தட்டு முழுதாகத் தெரியும்.

எங்கள் ராயபுரத்தில் நின்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வருபவர்களும் படிக்க வருபவர்களும் வாடகைக்கு இடம் தேடும் ஊர் இது. 'சைவம் மட்டும்' என்று சொல்லும் வீட்டுக்காரர் உணவைப் பற்றி மட்டுமா பேசுகிறார்? வான்டேஜில் மறுப்பாக இருந்த அதே உணவு இங்கே பூட்டாக இருக்கிறது. வீடு யார் கையில் இருக்கிறதோ அதற்கேற்ப உணவின் பொருள் மாறிவிடுகிறது. சித்தி வீட்டில் தங்கிப் படிக்கும் வாய்ப்புகூட, ஊருக்குள் சொந்த வீடு உள்ள சித்தி இருந்தால்தான். அப்படி யாரும் இல்லாத தலித் மாணவிகள் ஆதி திராவிடர் நல விடுதியை நம்பியே படித்து வந்திருக்கிறார்கள். விருந்தினராக இருப்பதற்கும் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. அதைச் சாதி தீர்மானிக்கிறது.

தமிழ்நாட்டுக்கு நெருக்கமான இன்னொரு விருந்தினரையும் இங்கே சேர்க்க வேண்டும். அகமதுநகரில் பிறந்த கிருபாபாய்க்கு இங்கிலாந்தில் படிக்க உதவித்தொகை கிடைத்தது. உடல்நிலை காரணமாகப் போக முடியவில்லை. 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்து மூன்றாண்டுகள்தான் ஆகியிருந்தன. அவர் தங்கியது டபிள்யூ.டி. சத்தியநாதன் பாதிரியாரின் வீட்டில். முதலாண்டில் சிறப்பாகத் தேறியவர் உடல் நலிந்து படிப்பை விட்டார். பிறகு அந்த வீட்டு மகன் சாமுவேலை மணந்தார். விரும்பிச் செய்துகொண்ட திருமணம்தான். தன் வாழ்க்கையை ஒட்டி அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'சகுணா' நாவல், நூற்றாண்டு முடியும் முன்பே தமிழிலும் வந்துவிட்டது. தங்கிப் படித்த பெண் மருத்துவராக வெளியேறவில்லை, மருமகளாக உள்ளே வந்தார் என்பது அவர் தனிவாழ்வின் முடிவு மட்டும் இல்லை. விருந்தினராக வந்த பெண்ணுக்கு நம் சமூகம் வைத்திருக்கும் ஒரே நிலையான இடமும் அதுதான்.

இப்போது நம் மாணவிகள் வங்கிக் கடன் வாங்கி வெளிநாடு போகிறார்கள். ஜெர்மனிக்கு 'ஓ பேர்' ஏற்பாட்டில் போகிறவர்களும் உண்டு. ஒரு குடும்பத்தோடு தங்கி, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, மொழி கற்கலாம். அந்த நாட்டு விதிப்படி வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது; உணவும் தங்குமிடமும் போகக் கைச்செலவுக்குப் பணமும் தர வேண்டும். விதி மீறப்படலாம். இருந்தாலும் 30 என்ற எண்ணை நான் மதிக்கிறேன். அன்பு என்ற பெயரில் எல்லையில்லாமல் நீளும் கடனுக்கு அது ஒரு கரை போடுகிறது. எங்கள் பக்கத்து நூற்பாலை விடுதிகளில் 'சொந்தப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லித் தென்மாவட்டப் பெண்களை மூன்றாண்டுகள் வெளியே விடாமல் வேலை வாங்கிய சுமங்கலித் திட்டத்தில் இல்லாமல் போனது அந்தக் கரைதான். பிள்ளை மாதிரி என்று சொல்லிவிட்டால் மணிக்கணக்கு கேட்க முடியாது.

ஆகவே இந்த வரலாறுகளை வாசிக்க நான் ஒரு கேள்வியை வைத்துக்கொள்கிறேன். அந்த வீடு எவ்வளவு அன்பானது என்பதைக் கேட்பதில்லை. அங்கே அவள் ஒன்றை மறுக்க முடிந்ததா, மறுத்த பிறகும் அங்கே இருக்க முடிந்ததா என்று கேட்கிறேன். கார்ப்பெண்டர் வீட்டில் முடிந்தது. வான்டேஜில், ஒவ்வொரு நாளும் வாதாடித்தான் முடிந்தது. தன் கணவரின் கடிதங்களுக்கு முன் ஆனந்திபாய்க்கு அது மிகக் கடினமாக இருந்தது. அந்நிய வீட்டில் கிடைத்த இடம் சொந்தத் திருமணத்தில் கிடைக்கவில்லை என்பது நாம் எளிதில் ஒப்புக்கொள்ளாத உண்மை.

1886 மார்ச்சில் ஆனந்திபாய் பட்டம் பெற்றபோது, இங்கிலாந்திலிருந்து ரமாபாய் வந்து அரங்கில் உட்கார்ந்திருந்தார். 1887 பிப்ரவரியில், 22 வயது நிறையும் முன்பே, ஆனந்திபாய் புணேயில் காசநோயால் இறந்தார். அந்த ஆண்டே ரமாபாய் தன் ஆங்கில நூலை அவர் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். ஆனந்திபாயின் சாம்பல் தியோடோசியாவுக்கு அனுப்பப்பட்டு, நியூயார்க் மாநிலத்தின் பொகீப்சியில் கார்ப்பெண்டர் குடும்பக் கல்லறைகளின் நடுவே புதைக்கப்பட்டது. கல்வி பெற இந்தியாவை விட்டு வந்த முதல் பிராமணப் பெண் என்று அங்குள்ள கல் அவரை அறிமுகம் செய்கிறது. சாதியைப் பொறித்த கல்லில் எரியாத கணப்புக்கும் புகை நிறைந்த அறைக்கும் இடமில்லை. அவற்றை வாசிக்கக் கற்றுக்கொண்டால்தான், நாளை நம் மாணவி வெளிநாட்டிலிருந்து 'இங்கே எல்லாரும் நல்லாப் பாத்துக்கறாங்க' என்று எழுதும்போது, என்ன சாப்பிட்டாய், அறை குளிருகிறதா, எதையாவது வேண்டாம் என்று சொன்னாயா என்று கேட்கத் தெரியும்.