பேசாப் படமும் பேசிய விளம்பரமும்

திறனாய்வு என்றதும் கவிதை, கதை, நாடகம் ஆகிய மூன்றையே நாம் நினைக்கிறோம். செய்தித்தாளில் கட்டம் கட்டி அச்சிடப்பெற்ற ஒரு விளம்பரத்தையும் உரைநடைப் பனுவலாகக் கொண்டு ஆராயலாம் என்றால் நகைப்பவரே மிகுதி. ஆயினும், இந்தியாவின் பேசாப் படங்களைப் பொறுத்தவரை நமக்கு வேறு வழி அதிகம் இல்லை. அந்நாட்டில் எடுக்கப்பெற்ற ஊமைப் படங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் இன்று காணக் கிடைப்பன மிகச் சில. படச்சுருள்கள் எரிந்தும் உதிர்ந்தும் மறைந்தன. அவற்றைப் பற்றிய நான்கு வரி விளம்பரங்களோ பழந்தாள்களில் நிலைத்துவிட்டன. அந்த நான்கு வரிகளை எவ்வாறு படிப்பது? பம்பாய்த் துறைமுக நகரத்தில் வெளிவந்த சிலவற்றைக் கொண்டு இதனைப் பார்க்கலாம்.

1896ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், பம்பாயில் ஐரோப்பியர் தங்கும் வாட்சன் விடுதியில் லூமியேர் சகோதரர்களின் நகரும் படங்கள் முதன்முதலாகக் காட்டப்பெற்றன. 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' நாளிதழில் வந்த விளம்பரம் அதனை நூற்றாண்டின் அற்புதம் என்றும் உலகின் வியப்பு என்றும் புகழ்ந்தது. மாலை 6, 7, இரவு 9, 10 ஆகிய மணிகளுக்கு நான்கு காட்சிகள். கட்டணம் தலைக்கு ஒரு ரூபாய். இந்த விளம்பரத்தில் கதை இல்லை, நடிகர் இல்லை, இருக்கவும் இயலாது. இரயில் வண்டி வந்து நிற்பதும், தொழிலாளர் ஆலையை விட்டு வெளியேறுவதும், சிலர் கடலில் நீராடுவதுமே படங்கள். ஆகவே விளம்பரம் எழுதியவர் பொருளைப் பாடாமல் பொறியைப் பாடினார். புகைப்படம் உயிர் பெற்றுவிட்டது என்பதே அவர் விற்ற சரக்கு.

சின்னாட்களில் காட்சி நாவல்டி நாடக அரங்குக்கு மாறுகிறது; விளம்பரத்தின் தொனியும் மாறுகிறது. ஒரே ஒரு ரூபாய் என்றிருந்த கட்டணம் நாலணாவிலிருந்து இரண்டு ரூபாய் வரை படிப்படியாகப் பிரிகிறது. திரைமறைவில் வாழும் பெண்களுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் தனியறைகள் உண்டு என்ற அறிவிப்பும் வருகிறது. சேமூர் டவ் என்பவரின் மேற்பார்வையில் ஏற்ற இசை வாசிக்கப்படும் என்கிறது இன்னொரு வரி. திரைப்பட வரலாற்று நூல்கள் இவற்றைத் துணுக்குச் செய்திகளாக உதறிவிட்டுச் செல்வது எனக்கு உடன்பாடன்று. நாலணா என்ற ஒரு சொல்லிலே ஒரு நகரத்தின் மக்கள் தொகுதி உள்ளே நுழைகிறது. ஆளும் இனத்தாரின் விடுதிக் கூடத்திலிருந்து படம் இறங்கி வந்த நாளை, எந்த விமரிசகரும் எழுதி வைக்கவில்லை. கட்டணப் பட்டியல் எழுதி வைத்தது.

இனி 1913க்கு வருவோம். தாதாசாகிப் பால்கே எடுத்த 'ராஜா அரிச்சந்திரா' அவ்வாண்டு மே 3ஆம் நாள் பம்பாய் கொரோனேஷன் அரங்கில் பொதுமக்களுக்குத் திரையிடப்பெற்றது. அதன் விளம்பரம் புராணத்திலிருந்து எடுத்த அறிவூட்டும் பொருள் என்றும், இந்தியாவிலேயே உருவான முதற்படம் என்றும், பெருஞ்செலவில் ஆக்கப்பெற்றது என்றும் அடுக்கிச் சென்று, நம் இந்து ஆதரவாளர்களின் உள்ளத்தை இது கவர்வது உறுதி என்று கூறிற்று. பதினேழு ஆண்டுகளுக்குள் எவ்வளவு மாற்றம்! பொறி பின்னுக்குப் போயிற்று; பொருள் முன்னுக்கு வந்தது. ஆனால் 'நம் இந்து ஆதரவாளர்கள்' என்ற தொடரைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற அவ்விளம்பரம் யாரிடம் பேசுகிறது? 'நம்' என்று அணைத்துக்கொண்டே 'இந்து' என்று பிரித்தும் வைக்கிறது. பார்வையாளரைச் சமய வாரியாக எண்ணிப் பார்க்கும் வாணிபக் கண்ணை இங்கே காண்கிறோம். அதே நிகழ்ச்சி நிரலில் பெண்ணொருத்தியின் நடனமும், நகைச்சுவைக் காட்சியும், கால்களால் பொருள்களைச் சுழற்றும் வித்தைக்காரர் ஒருவரின் ஆட்டமும் இடம் பெற்றன. மயான காண்டத்தைக் கண்ணீரோடு காணும் மரபில் வந்த நமக்கு இது சற்று உறுத்தவே செய்யும். அன்றைய அரங்க உரிமையாளர்க்கு உறுத்தவில்லை. சத்தியத்தை மட்டும் நம்பிக் கதவைத் திறக்க அவர் துணியவில்லை.

படம் சூரத் நகருக்குச் சென்றபோது நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் செய்தி இன்னும் சுவையானது. முதற்காட்சியின் வசூல் மூன்றே ரூபாய். இரண்டணா கொடுத்து ஆறு மணி நேரம் நாடகம் பார்க்கும் மக்கள், சிறிது நேரத்தில் முடிந்துவிடும் படத்துக்கு மூன்றணா கொடுப்பார்களா? விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு அந்தக் கணக்கு நன்றாக விளங்கும். பால்கே விலையைக் குறைக்கவில்லை, விளம்பரத்தை மாற்றினார். ஐம்பத்தேழாயிரம் புகைப்படங்கள், இரண்டு மைல் நீளம், எல்லாம் சேர்த்து மூன்றே அணா என்று அறிவித்தார். வசூல் முந்நூறு ரூபாய்க்கு ஏறிற்றாம்.

இதனை வெறும் மிகைக் கூற்று என்று தள்ளுவோர் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. அக்காலப் படச்சுருளில் ஓரடிக்குப் பதினாறு படங்கள். அரிச்சந்திராவின் நீளம் ஏறக்குறைய 3,700 அடி எனக் குறிக்கப்படுகிறது. பெருக்கினால் 59,200 வருகிறது. ஆகவே 57,000 என்பது மெய்க்கு அணுக்கமான எண். சற்றுக் குறைவாகவே சொல்லியிருக்கிறார். இரண்டு மைலோ 10,560 அடி. அது மூன்று மடங்குப் பொய். ஒரே மூச்சில் ஓர் உண்மையும் ஒரு பொய்யும்! உண்மை பேசியதால் துன்புற்ற மன்னனின் கதையை விற்க இப்படியொரு விளம்பரம் வேண்டியிருந்தது என்பதை எண்ணினால் நகைப்பு எழுகிறது. எனினும் பால்கேயின் மீது எனக்குச் சினம் எழவில்லை. நேரத்தை அளந்து பழகிய மக்களிடம் அவர் நீளத்தையும் எண்ணிக்கையையும் காட்டினார். புதிய கலையைப் பழைய முகத்தலளவையால் அளந்து கொடுத்தார் எனலாம்.

ஆங்கில நாளிதழ்களின் விளம்பரங்களை மட்டும் சான்றாகக் கொள்வதில் ஓர் இடர் உண்டு. மலிவான இருக்கைகளை நிரப்பியவருள் பெரும்பாலோர் அவ்விதழ்களைப் படித்தவர் அல்லர். சூரத்தில் பிறந்த அப்துல் அலி ஈசூப் அலி என்பவர் 1901 முதல் 1907 வரை சிங்கப்பூர், சுமத்திரா, சாவகம், பர்மா, இலங்கை என்று கூடாரத்தோடு சுற்றிப் படம் காட்டினார். அக்கூடாரம் நூறடி நீளமும் ஐம்பதடி அகலமும் உடையது. ஆயிரம் பேர் அமரலாம். எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்கும் மொழி தெரியாத மாலுமிக்கும் அந்தக் கூடாரமே விளம்பரம். படம் பேசாததால்தான் அவர் இத்தனை துறைமுகங்களிலும் ஒரே சுருளை ஓட்ட முடிந்தது. சிங்கப்பூரில் உட்கார்ந்து திரைப்பட வரலாறு எழுதுவோர் அரங்குகளின் பெயர்களோடு அந்தக் கூடாரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அவர் பின்னர்ப் பம்பாயில் தங்கி, அர்தேசிர் இரானியோடு கூட்டுச் சேர்ந்து மெஜஸ்டிக் அரங்கை நடத்தினார். அந்த அரங்கில்தான் 1931 மார்ச் 14ஆம் நாள் இரானியின் 'ஆலம் ஆரா' திரையிடப்பெற்றது. அதன் விளம்பரம் அடிக்கணக்கையும் சொல்லவில்லை. படங்களின் எண்ணிக்கையையும் சொல்லவில்லை. உயிருள்ளது, மூச்சு விடுவது, நூற்றுக்கு நூறு பேசுவது என்று முழங்கிற்று. அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் நாள் 'காளிதாஸ்' சென்னைக்கு வந்தது. எந்த மொழியில் பேசும் என்ற கேள்விக்கும் அதற்குப் பிறகு விளம்பரம் விடை சொல்ல வேண்டியதாயிற்று.