பத்து ரூபாயும் ஒரு பழைய புடவையும்

மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயரை நான் முதலில் படித்தது இலக்கியப் பத்திரிகையில் அல்ல, பாங்க் காகிதத்தில். குயிலாப்பாளையத்தில் குடியிருந்துகொண்டு, மரக்காணம் பக்கம் ஒரு கிளையில் குமாஸ்தா வேலை பார்ப்பவன் நான். உப்பளத்தில் உப்பு வாரும் பெண்களின் மகள்கள் கவுண்டருக்கு வந்து, 'புதுமைப் பெண் பணம் ஏறிடுச்சா சார்?' என்று கேட்கிறார்கள். மாதம் 1000 ரூபாய். திட்டத்தின் முழுப்பெயரில் இந்த அம்மாள் இருக்கிறார். அந்தப் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. 1989இல் அது கல்யாண உதவியாகத் தொடங்கியது, 2011இல் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது, 2022இல் உயர்கல்விக்கு மாறியது. பொட்டுக்கட்டை எதிர்த்தே ஆயுளைக் கழித்தவர் பெயரில் தாலித் தங்கம். சர்க்காருக்கு இந்த மாதிரி ஹாஸ்யம் தன்னையறியாமல் வந்துவிடுகிறது.

1883இல் பிறந்தவர். குழந்தையாக, பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் ஒரு தாசியிடம் விற்கப்பட்டவர். பொட்டுக்குத் தப்பி, சங்கீதம் சொல்லித்தந்த சுயம்புப் பிள்ளையை மணந்தவர். காங்கிரஸ், பிறகு சுயமரியாதை இயக்கம். 1938இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த இந்தி எதிர்ப்புப் படை, சிறை. 1949க்குப் பின் தி.மு.க.; 1962இல் மரணம். இவையெல்லாம் மேடைகளில் சொல்லப்படுபவை. என் அக்கறை 1936இல் அவர் எழுதிய 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலில்.

முதல் வாசிப்பில் ஓரத்தில் பென்சிலால் 'பிரச்சாரம்' என்று எழுதி மூடிவைத்தேன். நம் வட்டத்தில் அந்த ஒரு வார்த்தை போதும், மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை. இரண்டாம் முறை படித்தபோது அந்த வார்த்தை சோம்பேறித்தனம் என்று பட்டது. நாவல் நன்றாக இல்லை என்பதில் இப்போதும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காரணம் வேறு.

காந்தா, கானவதி என்று இரண்டு தாசிச் சகோதரிகள். ஆண்களிடம் காசு கறக்கும் வித்தையைச் சொல்லிக்கொடுக்கும் தாய். சொத்தைத் தொலைக்கும் மைனர் சோமசேகரன். அவன் மனைவி ஞானசுந்தரி. இது எங்கே கேட்ட கதை? விறலிவிடு தூதுகளில். மனைவியை விட்டுப் போனவன், தாய்க்கிழவியின் பாடத்தைக் கேட்டுத் தேர்ந்த தாசி, கடைசியில் வெறுங்கையோடு அவன் வெளியே. நாயக்கர் காலத்து ஆண் புலவர்கள் ஜமீன்தார்களைச் சிரிக்கவைக்கக் கட்டிய சட்டகம். அதையே ராமாமிர்தம் எடுத்துக்கொண்டிருக்கிறார். சட்டகத்தோடு அதன் பார்வையும் வந்துவிட்டது. தலைப்பைப் பாருங்கள்: வலை தாசிகளுடையது, மதி மைனருக்கு. விற்கப்பட்ட சிறுமி எழுதிய நாவலில் ஏமாந்தவன் ஆண்பிள்ளை!

அதற்குள்ளேயே அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. தூதுகளில் பணம் சிருங்காரத்துக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய். இங்கே பணம்தான் விஷயம். எது எந்தக் கைக்குப் போகிறது, எந்தப் பொய்க்கு எவ்வளவு என்பதை ஒரு பேரேட்டுக்காரியின் கண்ணோடு பார்க்கிறார். தாய் மகள்களுக்குப் பாடம் நடத்தும் பகுதிகளில் உரைநடைக்கு உயிர் இருக்கிறது. அந்த வீட்டுக்குள் வளர்ந்தவருக்கு மட்டுமே கேட்டிருக்கக்கூடிய பேச்சு. தேவதாசிகளோடு கலை போயிற்றே என்று உருகும் சங்கீத ரசிகர்கள் இந்தப் பக்கங்களையும் ஒருதரம் வாசிக்கலாம். பிறகு பிரசங்கங்கள் வந்துவிடுகின்றன. பாத்திரங்கள் வாயைத் திறந்தால் ஒலிபெருக்கி.

இரண்டு வருஷம் முன்னால், 1934இல், 'மணிக்கொடி'யில் புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' வந்தது. அங்கும் ஒரு பெண், ஒரு தொகை: முக்கால் ரூபாய். இரண்டொரு பக்கத்தில் கதை முடிந்துவிடுகிறது. அதை உருவச் சிறப்புக்கு உதாரணமாக நாம் காட்டுகிறோம், சரிதான். ஆனால் அது சந்தின் வாசலில் நின்று பார்ப்பவனின் உருவம். அம்மாளு பேசுவதில்லை, அவளுக்காகக் கதாசிரியர் நம்மைக் குத்துகிறார். உள்ளே இருந்து வருகிறவளுக்கு மணிக்கொடி என்ன உருவத்தை வைத்திருந்தது? அவருக்குக் கைக்கெட்டியவை இரண்டு: கிழவர்களின் தூது, கட்சியின் மேடை. இரண்டும் இரவல். அந்த இரவல் சாமானைக் காட்டி அவரைத் தள்ளிய நாம், கடன் கொடுக்க நம்மிடம் வேறெதுவும் இல்லாமலிருந்ததை யோசித்ததில்லை. நானும்தான்.

அவருக்குச் சொந்த உரைநடை இல்லை என்று சொல்லவும் முடியாது. 1925இல் 'குடி அரசு' இதழில் தன் வாழ்க்கையைத் தானே எழுதியிருக்கிறார், தன்மையில். பதினோரு வருஷம் கழித்து நாவல் என்று உட்காரும்போது அந்த 'நான்' காணாமல் போய்விடுகிறது. நாவல் என்றால் அது மைனர்களின் கதையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னது?

பென்சில் குறிப்பை நான் அழிக்கவில்லை. அதன் கீழே 'அந்தப் பத்து ரூபாய் எந்தப் பக்கத்தில்?' என்று எழுதிவைத்திருக்கிறேன்.