கடாரமும் கழனியும்: தமிழ் வாசிப்பில் ஒரு விடுபாடு

முன்னுரை

கடாரம் என்றவுடன் தமிழாய்வாளர் நினைவில் எழுவன மூன்று: பட்டினப்பாலை கூறும் காழகம், முதலாம் இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பு, பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்கள். இம்மூன்றையும் நாம் கடல்வழியாகவே நோக்குகிறோம். அங்கு வாழ்ந்தோர் எதை உண்டனர், அதனை விளைவித்தோர் யாவர் என்னும் வினா நம் எழுத்துகளில் அரிதாகவே எழுகிறது. அவ்விடுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியமும் சாசனமும்

காழகம் என்பதற்குக் கடாரம் எனப் பொருள் கண்டவர் நச்சினார்க்கினியர். நூலுக்கும் உரைக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி உண்டு. சோழர் வெற்றியால் கடாரத்தின் பெயர் பரவிய பின்னர் எழுந்த உரை அது. ஆகவே அதனை மட்டுமே சான்றாகக் கொள்ளுதல் தகாது. சாண்டில்யனின் ‘கடல் புறா’ கடாரத்தைத் தமிழ் வாசகர் உள்ளத்தில் நிலைநிறுத்தியது. எனினும் அங்கு முன்னிற்பன மரக்கலங்களும் அரசுரிமைச் சூழ்ச்சிகளுமே.

சாசனங்களில் ஒரு முரண் காணப்படுகிறது. கடாரத்தரசன் மாறவிசயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தை எழுப்பினான். அதற்கு 1006 அளவில் இராசராசன் ஆனைமங்கலத்தை வழங்கிய செய்தியைப் பெரிய லெய்டன் செப்பேடு தருகிறது. அவ்வூரின் எல்லைகளும் நெல் வருவாயும் அதில் விரிவாக உள்ளன. கடாரத்தரசன் எழுப்பிய விகாரத்திற்குச் சோழநாட்டில் விளைந்த நெல்லை நாம் அறிவோம். அவனது சொந்த நாட்டில் விளைந்ததை அச்செப்பேடு கூறவில்லை. சாசனம் கூறாததை மண்ணிடமே கேட்டல் வேண்டும்.

மாயா நாகரிகம் தரும் பாடம்

மத்திய அமெரிக்க மாயா நாகரிகத்தைப் பற்றியும் ஒரு காலத்தில் கோயில்களைக் கொண்டே பேசினர். காடெரித்துப் பயிரிடும் முறையே அம்மக்களின் உழவு எனக் கருதப்பட்டது. 1970களிலிருந்து நிகழ்ந்த ஆய்வுகள் சதுப்பு நிலங்களில் வெட்டப்பட்ட வாய்க்கால்களையும் மேட்டு வயல்களையும் வெளிக்கொணர்ந்தன. பெலீசு நாட்டின் புல்ட்ரௌசர் சதுப்பு பற்றி டர்னரும் ஹாரிசனும் 1983இல் வெளியிட்ட நூல் இதில் குறிப்பிடத்தக்கது.

ஆயினும் சதுப்பு வேளாண்மையே பேரரசுகளைத் தோற்றுவித்தது என முடிவு கட்டுதல் கூடாது. அந்நாட்டின் வடமேற்கில் 2019இல் வெளிவந்த ஆய்வு, வாய்க்கால்களுட் பல ஏறத்தாழ 1,800 முதல் 900 ஆண்டுகளுக்கு முற்பட்டவை எனக் காட்டிற்று. மாயா நகரங்கள் சில அதற்கும் முன்பே தோன்றிவிட்டன. எது முந்தியது, எது பிந்தியது என ஆராயாமல் காரணம் கூறலாகாது என்பதே இதன் பாடம்.

கடாரத்தின் நிலம்

இப்பாடத்தைக் கெடாவில் பொருத்திப் பார்ப்போம். இன்று ‘நெற்களஞ்சியம்’ எனப்படும் கெடாச் சமவெளியைக் காண்பவர், பண்டைக் கடாரமும் அவ்வயல்களாலேயே செழித்தது என எண்ணக்கூடும். அது பிழையாகும். அச்சமவெளியின் பெரும்பகுதி சதுப்பாகவே இருந்தது. முதலமைச்சர் வான் முகமட் சமான் 1885இல் தொடங்கிய கால்வாய், அலோர் ஸ்டாரிலிருந்து குருண் நோக்கி ஏறத்தாழ 36 கிலோமீட்டர் நீண்டு, அந்நிலத்தை வயலாக்க வழி செய்தது. மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் இருபோக விளைச்சல் பரவியது 1970க்குப் பின்னரே.

பழங்குடியிருப்புகளோ மெர்போக் கழிமுகத்தை ஒட்டியவை. அன்று கடற்கரை இன்றைய நிலையினும் உள்ளே இருந்தது. ஆறுகள் கொணர்ந்த வண்டல் அதனைப் பின்னர் மேற்கே தள்ளியது. சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் நிகழ்த்திய அகழாய்வு இரும்புருக்கு உலைகளையும் படகுத்துறை எனக் கருதப்படும் செங்கற் கட்டடங்களையும் வெளிப்படுத்தியது. அவற்றைக் கி.மு. காலத்துக்குக் கொண்டுசெல்லும் கருத்து விவாதத்துக்குரியது. எனினும் உலைக்கு விறகு வெட்டியோரும் கரி சுட்டோரும் தாது சுமந்தோரும் ஒரு பெருங்கூட்டமாக இருந்திருத்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. மலைச்சரிவுப் பயிர், ஆற்றோர நெல், மீன், வணிகம் ஆகியன சேர்ந்தே அவர்களைப் புரந்திருக்கலாம்.

பெரும்பாசனமே வல்லரசை ஆக்கும் என 1957இல் விட்ஃபோகல் கூறிய கோட்பாட்டுக்குக் கெடா மறுதலையாகிறது. இங்கு அரசு முந்தியது, பெருங்கால்வாய் பிந்தியது.

முடிவுரை

2013இல் நிலமேம்பாட்டுப் பணியின்போது பதினொன்றாம் எண் சண்டி இடிக்கப்பட்ட செய்தி நம்மவரை வருத்தியது, அவ்வருத்தம் நியாயமானதே. ஆயின் கோயில் அடித்தளத்தைக் காக்க எழுந்த குரல், இரும்புக் கசட்டுக் குவியலுக்கும் பழைய ஆற்றுப் படுகைக்கும் எழுமா என்பதே வினா. சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரத் தமிழ்ப்பள்ளி மாணவரை மெர்போக் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், வென்றவன் பெயரோடு நின்றுவிடாது, அங்கு உழைத்துண்டவரையும் கூறுதல் நலம். வடிகால் வெட்டிக் காட்டைத் தோட்டமாக்கியும் வரலாற்று நூல்களில் பெயர் பெறாதோரின் வழிவந்த மாணவர்க்கு அவ்வரலாறு எளிதில் விளங்கும்.