ஒரே கோட்டில் 40 பகா எண்கள்

கட்டம் போட்ட கணக்கு நோட்டை விரித்து நடுக்கட்டத்தில் 1 எழுதினேன். வலப்பக்கம் 2, அதன் மேலே 3, இடப்பக்கம் திரும்பி 4, 5, கீழே இறங்கி 6, 7. சுழிக்கோலம் போடுவதுபோல் சுற்றிக்கொண்டே போய், பகா எண்களுக்கு மட்டும் சிவப்புப் பென்சிலால் வண்ணம் அடித்தேன். ஏழுக்கு ஏழு கட்டம் நிறைந்ததும் இரண்டு மூலைவிட்டங்களையும் எண்ணினேன். மொத்தம் 13 எண்கள், அதில் 8 பகா எண்கள்! 3, 5, 7, 13, 17, 31, 37, 43. அன்றிரவு தூக்கம் போனது போனதுதான்.

1963-இல் ஸ்தானிஸ்லாவ் உலாம் என்ற கணித மேதை, ஒரு கூட்டத்தில் சலிப்பான உரையைக் கேட்டுக்கொண்டே தாளில் கிறுக்கியபோது கண்ட காட்சி இது. அடுத்த மார்ச்சில் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' அட்டையிலேயே வந்துவிட்டது.

"இந்த மூலைவிட்டங்களில் ஒற்றை எண்கள்தானே வருகின்றன, பகா எண் கூடுதலாக விழாதா?" என்றான் என் தம்பி. நல்ல கேள்வி. ஆனால் வலப்பக்கக் கீழ்மூலை நோக்கிப் போகும் 9, 25, 49-ஐப் பாருங்கள். அவையும் ஒற்றை எண்கள்தான். எல்லாம் வர்க்க எண்கள் என்பதால் அந்தக் கிளையில் எவ்வளவு தூரம் போனாலும் ஒரு பகா எண்கூடச் சிக்காது.

பிறகு அவனிடம் புதுத் தாளைக் கொடுத்து, 1-க்குப் பதிலாக 41-ஐ நடுவில் வைக்கச் சொன்னேன். அடடா, அதை என்ன சொல்வது! இடக் கீழ்மூலையிலிருந்து வல மேல்மூலைக்குப் போகும் கோட்டில் 41, 43, 47, 53, 61, 71 என்று நடுவுக்கு இருபுறமும் மாறி மாறிப் பகா எண்கள். 2 கூட்டு, 4 கூட்டு, 6 கூட்டு, 8 கூட்டு, அவ்வளவுதான் கணக்கு. நாற்பதுக்கு நாற்பது கட்டத்தில் 1,600 எண்கள். அவற்றில் பகா எண்கள் 247 மட்டுமே. ஆனால் இந்த ஒரு மூலைவிட்டத்தில் இருக்கும் 40 எண்களும் பகா எண்கள்! ஒன்றுகூடத் தப்பவில்லை. தம்பி ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்துவிட்டு, பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான்.

ஓர் எண்ணைத் தன்னாலேயே பெருக்கி, அதோடு அந்த எண்ணையும் 41-ஐயும் கூட்டினால் இந்த வரிசை வந்துவிடும். 0 முதல் 39 வரை எதைப் போட்டாலும் பகா எண்தான். இதே வரிசையை லியோனார்ட் ஆய்லர் 1772-லேயே எழுதிவைத்திருக்கிறார். சுருளாகச் சுற்றியபோதுதான் அது நேர்கோடாக எழுந்து நின்றது. கணக்கில் இதைவிட அழகான படத்தை நான் பார்த்ததில்லை.

கணினியில் நொடியில் வரைந்துவிடலாம்; வேண்டாம். வீட்டில் ஆறாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் கூட உட்காரவைத்துக் கையாலேயே எழுதுங்கள். வல மேல்மூலையில் 1601 வரும்வரை நிறுத்தாதீர்கள். அதற்கடுத்து அந்தக் கோட்டில் வருவது 1681. அது 41-ஐ 41-ஆல் பெருக்கிய எண்.