போதிதருமரும் பேசும் பொறியும்

சென்ற தவணையில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் சீனத்துப் போர்க்கலையின் தோற்றம் பற்றித் தான் எழுதிய கட்டுரையொன்றைத் திருத்தித் தருமாறு கேட்டான். நடை சீராக இருந்தது. ஒற்றுப்பிழைகூட அரிதாகவே காணப்பட்டது. அந்தச் சீரே எனக்கு ஐயத்தைத் தந்தது. காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசராகிய போதிதருமர் 6ஆம் நூற்றாண்டில் ஷாவோலின் மடத்தை அடைந்தார். தியானத்தில் தளர்ந்து கிடந்த துறவிகளுக்கு உடற்பயிற்சி கற்பித்தார். அதிலிருந்தே சீனத்தின் போர்க்கலைகள் யாவும் கிளைத்தன. இதுவே கட்டுரையின் சாரம். "இதை எந்த நூலிலே எடுத்தாய், தம்பி?" என்று கேட்டேன். "நூல் இல்லை, சேர். கைத்தொலைபேசியில் கேட்டேன், அது சொன்னது" என்றான்.

அந்த 'அது' எது என்பதை விளக்க வேண்டியதில்லை. வினவினால் விடைதரும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் இன்று நம் மாணவர் ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் இருக்கின்றன. நாம் இதுகாறும் நாவலையும் கவிதையையும் நாடகத்தையும் விமர்சித்து வந்தோம். அவற்றைக் காட்டிலும் மிகுதியாக மாணவர் வாசிக்கும் எழுத்து இப்பொறியின் எழுத்தாயிருக்க, அதனை விமர்சனத்துக்குப் புறம்பானதென ஒதுக்குவது நேர்மையாகாது. எனவே ஒரு நூலை வாசிப்பதுபோலவே அதன் விடையை வாசித்துப் பார்க்கத் துணிந்தேன்.

அன்றிரவே அதே வினாவைத் தமிழிலும் பின்னர் ஆங்கிலத்திலும் கேட்டேன். தமிழில் வந்த விடை மாணவனின் கட்டுரையை ஏறக்குறைய அப்படியே ஒத்திருந்தது. ஆங்கிலத்தில் வந்த விடையோ, இஃது ஓர் ஐதிகம் எனவும் வரலாற்றறிஞர் பலர் இதனை ஏற்பதில்லை எனவும் முதல் வரியிலேயே எச்சரித்தது. பொறி ஒன்றே, வினா ஒன்றே, மொழிதான் வேறு. ஆங்கிலம் அறிந்தவனுக்கு ஐயம் கிடைத்தது. தமிழ் மட்டும் அறிந்தவனுக்குப் பெருமை கிடைத்தது. தாய்மொழிக் கல்வியின் பயன் பற்றி மேடைகளில் முழங்கும் நாம் இந்த வேறுபாட்டைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். மீண்டும் தமிழிலேயே, "போதிதருமருக்கும் போர்க்கலைக்கும் தொடர்பில்லை அல்லவா?" என்று கேட்டேன். உடனே மன்னிப்புக் கோரி, நான் கூறியதே சரியென்று ஒப்புக்கொண்டது. சான்று எதையும் நான் காட்டவில்லை, அதுவும் கேட்கவில்லை. தனக்கெனக் கொள்கையொன்று உள்ளவன் இவ்வளவு எளிதில் கட்சி மாறமாட்டான். கேட்பவன் முகம் கோணாமல் விடையளிக்கப் பழக்கப்பட்டது அப்பொறி. அரசவைப் புலவர் சிலரை நாம் நினைவுகூர்ந்தால் அது பெரும் பாவமாகாது.

இனி உண்மையில் நாம் அறிவன யாவை? போதிதருமரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு 547இல் யாங் சுவான்ஜி என்பார் லுவோயாங் நகரத்துப் பௌத்த மடங்களைப் பற்றி எழுதிய நூலில் உள்ளது. அது அவரைப் பாரசீகத்திலிருந்து வந்த துறவி என்கிறது. தான்லின் என்பவர் எழுதிய முன்னுரையும், தாவோசுவான் 645இல் தொகுத்த துறவியர் வரலாறும் அவரைத் தென்னிந்தியர் என்கின்றன. தான்லின் அவரை அரசனொருவனின் மூன்றாம் மகன் என்றும் கூறுகிறார். இம்மூன்றிலும் காஞ்சி என்ற பெயர் இல்லை, பல்லவர் இல்லை, போர்க்கலை என்ற பேச்சே இல்லை. ஷாவோலின் மடமோ 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேறோர் இந்தியத் துறவிக்காகக் கட்டப்பட்டது. அம்மடத்துத் துறவிகள் 621இல் பின்னாட் பேரரசனாகிய லீ ஷிமினுக்குப் போரில் துணைநின்றமைக்கு 728இல் நாட்டிய கல்வெட்டுச் சான்று உண்டு. ஆயின் அவர்கள் எந்தக் கலையைக் கொண்டு போரிட்டனர் என அக்கல் கூறவில்லை. 16ஆம் நூற்றாண்டில் அவர்கள் பெயர்பெற்றது கழியால். வெறுங்கைச் சண்டை அங்கே சிறப்புற்றது அதற்கும் பின்னரே. அவ்வாறாயின் போதிதருமர் எவ்வழியாக உள்ளே நுழைந்தார்?

'யீஜின் ஜிங்' என்றொரு சுவடி வழியாக. தசைநாரை உரமாக்கும் முறையைக் கூறும் அந்நூல் போதிதருமர் இயற்றியதெனத் தன்னைத்தானே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. ஆயின் அது 1624ஐ ஒட்டிய காலத்தது. அதற்கு இரண்டு முன்னுரைகள் உண்டு. ஒன்று 628இல் தாங் வமிசத்துத் தளபதி லீ ஜிங் எழுதியதாம். அவருக்கு இந்நூல் ஒரு 'சுருள்தாடி வீரனிடமிருந்து' கிடைத்ததாம். அவ்வீரனோ பிற்காலக் கதையொன்றிலே வரும் கற்பனைப் பாத்திரம்! மற்றையது சொங் வமிசத்துப் போர்வீரர் நியூ காவ் எழுதியதாம். அவர் தமக்கு எழுத்தறிவு இல்லையென்று அதே முன்னுரையிலே எழுதுகிறார். 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லிங் திங்கான் என்ற அறிஞர் இப்புரட்டைக் கண்டு நகைத்து, இதை எழுதியவன் அறிவற்ற கிராமத்து வாத்தியாராயிருக்க வேண்டும் என்றார். எங்கள் தொழிலுக்கு இது சற்று இழுக்குத்தான், எனினும் பொறுத்துக்கொள்ளலாம்.

சீனப் போர்க்கலையின் மற்றைய மூதாதையர் கதையும் இத்தகையதே. தாய்ச்சியை வூதாங் மலைத் தாவோயியத் துறவி ஜாங் சான்ஃபெங் கனவிலோ கழுகுக்கும் பாம்புக்கும் இடையேயான சண்டையிலோ கண்டு வகுத்தார் என்பர். வெளிக்கலை ஷாவோலினுக்குரியது, அகக்கலை வூதாங்குக்குரியது என்ற பிரிவு முதன்முதலில் தோன்றுவது 1669இல் ஹுவாங் சொங்சி எழுதிய ஒரு கல்லறை வாசகத்தில். ஹுவாங் மஞ்சூரிய ஆட்சியை எதிர்த்தவர். அயலிலிருந்து வந்த பௌத்த மடத்துக்கு எதிரே உள்நாட்டுத் தாவோயியத்தை அவர் நிறுத்தியதில், அந்நிய ஆட்சிக்கெதிரான குரல் மறைந்திருப்பதாக ஆய்வாளர் சிலர் கருதுவர். ஐதிகம் பொய் என்று கூறி நகர்ந்துவிடுவது விமர்சனத்தின் பாதி வேலை. அப்பொய் யாருக்கு, எப்பொழுது, ஏன் தேவைப்பட்டது என்று கேட்பதே மறுபாதி.

கலையை உண்மையில் வளர்த்த மாந்தர் வேறெங்கோ இருந்தனர். 1560களில் கடற்கொள்ளையரை எதிர்த்துப் போரிட்ட தளபதி சீ ஜிகுவாங், யீவூ பகுதியின் உழவரையும் சுரங்கத் தொழிலாளரையும் படையிற் சேர்த்துப் பயிற்றினார். அவர் எழுதிய படைப்பயிற்சி நூலில் முப்பத்திரண்டு கைச்சண்டை நிலைகள் படங்களுடன் உள்ளன. பெரும்போருக்கு இது நேரடியாகப் பயன்படாது, ஆயின் கைகால்களைப் பழக்கும் என்பது அவர் கணிப்பு. தெய்வமும் இல்லை, துறவியும் இல்லை, கனவும் இல்லை. நான் கேட்ட பொறி தமிழில் இவரைப் பற்றி ஒருவரிகூடத் தானாகச் சொல்லவில்லை. உழவன் பெருமைக்குரிய முன்னோனாகான் போலும்.

இக்கட்டுகளை அவிழ்த்தவர்களுள் முதன்மையானவர் தாங் ஹாவ். சட்டத்தரணியான இவர் தாமும் போர்க்கலை பயின்றவர். 1928இல் நான்ஜிங்கில் தேசியக் குவோஷு நிலையம் நிறுவப்பட்டபோது அது ஷாவோலின் பிரிவு, வூதாங் பிரிவு என இரண்டாக வகுக்கப்பட்டு, இரு பிரிவினரும் தமக்குள்ளே மோதிக்கொண்ட வேடிக்கை நடந்தது. 1930இல் அந்நிலையத்தின் வெளியீடாகவே தாங் ஹாவ் 'ஷாவோலின் வூதாங் ஆராய்ச்சி' என்ற நூலை எழுதி, போதிதருமருக்கும் ஜாங் சான்ஃபெங்குக்கும் போர்க்கலையுடன் தொடர்பில்லை என நிறுவினார். சினங்கொண்ட சிலர் அவரை அடித்து நொறுக்க முனைந்ததாகவும் சொல்லப்படுகிறது. பின்னர் அவர் ஹெனான் மாகாணத்துச் சென்ஜியாகோ கிராமத்துக்கே சென்று குடும்பச் சுவடிகளைப் புரட்டி, தாய்ச்சியின் தோற்றத்தை 17ஆம் நூற்றாண்டின் சென் வாங்திங் என்பவரிடம் கண்டார். அம்முடிவை அவர்காலத்து ஆய்வாளர் சூ ஜென் ஏற்கவில்லை. அவ்வாதம் இன்றும் ஓயவில்லை. 1959இல் தாங் ஹாவ் மறைந்தார்.

அவர் எக்காலத்தில் இதை எழுதினார் என்பதை மறத்தலாகாது. 1900இல் 'பொக்சர்' கிளர்ச்சி அந்நியப் படைகளால் நசுக்கப்பட்டபின், சீனர் கிழக்கின் நோயாளிகள் என்ற இழிசொல்லைத் தாங்கி நின்ற காலம் அது. உடலுரத்தால் தேசத்தை மீட்கலாமென்ற நம்பிக்கையில் 1910இல் ஷாங்காயில் ஜிங்வூ கழகம் எழுந்தது. குவோஷு நிலையமும் அவ்வுணர்ச்சியின் குழந்தையே. தோற்ற மக்களுக்கு மூதாதையர் தேவைப்படுகின்றனர். அத்தேவையை நன்கறிந்தும், தம்மவரின் நிலையத்துக்குள்ளேயே இருந்துகொண்டு, தம்மவரின் பெருமைக்கு எதிராகச் சான்றுகளை அடுக்கினார் தாங் ஹாவ். தேசத்துக்குப் பகைவன் என்று அவரை யாரும் எளிதிற் கூறிவிடலாம். பொய்யான பாட்டனைத் தேசத்தின் தலையிற் கட்டுவதுதான் அதற்குச் செய்யும் அவமதிப்பென அவர் கருதியிருப்பார் போலும் என்பது என் எண்ணம்.

இங்கே நம் கதை குறுக்கிடுகிறது. 2011இல் தமிழகத்திலிருந்து வந்த 'ஏழாம் அறிவு' என்ற திரைப்படம் போதிதருமரைப் பல்லவ இளவரசராக்கி, மருத்துவமும் போர்க்கலையும் சீனருக்கு ஈந்த தமிழராகக் காட்டியது. முள்ளிவாய்க்காலுக்கு இரண்டாண்டே கழிந்திருந்த பொழுது அது. இருண்ட கொட்டகையில் நம்மிளைஞர் ஏன் எழுந்து கைதட்டினர் என்பதை நான் அறிவேன், நானும் தட்டினேன். அவ்வுணர்ச்சியை ஏளனஞ் செய்ய எனக்கு மனமில்லை. ஆயின் அப்படத்தைத் தொடர்ந்து இணையத்தில் தமிழில் எழுதிக் குவிக்கப்பட்டவை அனைத்தும் பெரும்பாலும் அக்கைதட்டலின் எதிரொலிகளே. பேசும் பொறியோ எழுதப்பட்டவற்றைத் திரளாக உட்கொண்டு, ஒரு சொல்லின்பின் எச்சொல் வரக்கூடுமெனக் கணித்து எழுதுவது. தமிழில் போதிதருமர் என்ற பெயரின் பின்னே இளவரசர் என்ற சொல்லையும் காஞ்சி என்ற சொல்லையும் நாமே ஆயிரமாயிரம் முறை எழுதி வைத்தோம். அது நம்மையே நமக்குத் திருப்பித் தந்தது. சீன மொழியிலும் ஆங்கிலத்திலும் தாங் ஹாவைத் தொடர்ந்து வந்தவர் உளர்; மெயர் ஷஹார் 2008இல் ஷாவோலின் மடத்தைப் பற்றி எழுதிய விரிந்த ஆய்வு அவற்றுள் ஒன்று. தமிழில் அவ்வெழுத்து அருகியிருக்க, பொறி எங்கிருந்து கற்கும்?

இதனால் பொறியை ஆக்கி விற்போர் குற்றமற்றவராகிவிடார். இத்தனை மொழிகளில் பேசும் என விளம்பரம் செய்து விற்கும் நிறுவனங்கள், ஒரு மொழியில் ஐயத்தையும் மறுமொழியில் புகழுரையையும் ஒரே உறுதியான குரலில் வழங்குவதைத் தம் வாடிக்கையாளருக்கு அறிவிப்பதில்லை. சிறிய மொழியின் பிழையைத் திருத்துவதில் இலாபம் சிறிது. சந்தையின் நியதி அது; அறிவின் நியதி அன்று. மேலும், அதன் விடையில் உழைப்பின் சுவடு இல்லை. தாங் ஹாவ் சென்ஜியாகோவுக்கு நடந்த வழியும், லிங் திங்கான் நகைத்த நகைப்பும், சூ ஜென்னின் மறுப்பும் அரைத்துக் கலக்கப்பட்டு, யார் கண்டது, யார் மறுத்தது என்ற அடையாளமின்றி வழவழப்பான ஒரு பந்தியாக நம்முன் வைக்கப்படுகின்றன. நம் மாணவனின் கட்டுரையில் ஒற்றுப்பிழை இல்லாதிருந்ததும் அதனாலேயே.

மாணவனை அழைத்து இவற்றையெல்லாம் ஒரு மாலைப் பொழுதில் விரித்துரைத்தேன். முதலில் அவன் முகம் வாடிற்று. "அப்படியெண்டால் அவர் தமிழர் இல்லையா, சேர்?" என்று கேட்டான். தென்னிந்தியராயிருந்திருக்கலாம், அதற்குமேல் சான்று பேசவில்லை என்றேன். சற்றுநேரம் பேசாதிருந்தான். பின்னர் அந்தச் சுரங்கத் தொழிலாளர் கதையை மீண்டும் சொல்லச் சொன்னான். எத்தனை பேர், எப்படிப் பயிற்றினார், கழியா ஈட்டியா என்று அடுக்கடுக்காக வினவினான். எனக்குத் தெரிந்தவற்றைச் சொன்னேன். எழும்போது, "இதையெல்லாம் தமிழில் எந்தப் புத்தகத்தில் வாசிக்கலாம், சேர்?" என்றான். கொடுப்பதற்கு என்னிடம் புத்தகம் இருக்கவில்லை. ஆங்கில நூல்களிலிருந்து நான் எடுத்து வைத்திருந்த குறிப்புகளை மறுநாள் பிரதிசெய்து கொடுத்தேன்.