தோல்விக்கு இட்ட பெயர்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில், அழிவில் ஆழ்த்துபவை பற்றிய மூன்றாம் பகுதி ‘குரூர்’ என்னும் இயலுடன் நிறைவுறுகிறது. அறியாமை எல்லாம் குரூர் ஆகாது என்பது அவர்களின் நுட்பமான பாகுபாடு. மனம் தன் விருப்பத்திற்கு இசைந்த ஒன்றைப் போலிச் சான்றின் துணையால் உண்மையெனக் கொண்டு ஆறுதல் அடைவதே குரூர். ஆலிம்கள், வணக்கசாலிகள், சூஃபிகள், செல்வந்தர்கள் என நால்வகையினரை அவர்கள் அங்கு விசாரிக்கிறார்கள். ஆட்சியாளருக்கெனத் தனிப் பிரிவு இல்லை. தனிமனித ஒழுக்கமாகவே இவ்வியலைப் பல்லாண்டுகள் பாடம் நடத்திவந்த எனக்கு, அந்த இடத்தை நிரப்பும் நூலாகத் தோன்றியது, சிரிய அறிஞர் சாதிக் ஜலால் அல்-அஸ்ம் 1968இல் எழுதிய ‘தோல்விக்குப் பின் சுயவிமர்சனம்’.

1967 ஜூன் 5 அன்று எகிப்திய விமானப்படையின் பெரும்பகுதி சில மணி நேரத்தில் தரையிலேயே அழிந்தது. கெய்ரோ வானொலியோ எதிரி விமானங்கள் வீழ்வதாக முழங்கிற்று. எதிரியின் விமானங்களில் 75 விழுக்காடு அழிந்துவிட்டதாகத் தளபதி அப்துல் ஹகீம் ஆமிர் அம்மானுக்குச் செய்தி அனுப்பினார். ஜோர்டானும் போரில் இறங்கியது. இரண்டே நாட்களில் பைத்துல் முகத்தஸ் கைவிட்டுப் போயிற்று.

ஆமிரின் செய்தி வெறும் பொய் என்று கடந்துவிடலாம். ஆனால் பொய்யன் உண்மையை அறிந்தவன். அதற்கு முந்தைய வாரங்களைக் கவனிக்க வேண்டும். எகிப்தியப் படையின் கணிசமான பகுதி 1962இல் தொடங்கிய யமன் போரில் சிக்கியிருந்தது. தாக்குதல் நெருங்கிவிட்டது என்று நாஸிரே ஜூன் 2 அன்று தளபதிகளிடம் எச்சரித்தார். ஆயினும் விமானங்கள் பாதுகாப்பின்றியே நின்றன. செய்தி இருந்தது, அதை ஏற்கும் மனம் இல்லை. இமாம் அவர்கள் வரையறுத்த குரூர் இதுவன்றி வேறென்ன?

தோல்விக்குப் பின்னரும் அது ஓயவில்லை. ஜூன் 9 அன்று பதவி விலகல் உரை நிகழ்த்திய நாஸிர், நேர்ந்ததை ‘நக்ஸா’, அதாவது பின்னடைவு, என்றார். இச்சொல்லைத்தான் அல்-அஸ்ம் கடுமையாகச் சாடுகிறார். பெயரை மாற்றினால் பொறுப்பும் மறைகிறது. 1904இல் ஜப்பானின் திடீர்த் தாக்குதலுக்கு உள்ளான ரஷ்யாவை அவர் ஒப்பிட்டுக் காட்டுகிறார். அங்கு மக்கள் ஜப்பானின் சூழ்ச்சியைப் பேசிக்கொண்டிராமல் தம் ஆட்சியமைப்பையே கேள்விக்குள்ளாக்கினர்.

மதச் சிந்தனையை விமர்சித்து அவர் 1969இல் வெளியிட்ட மற்றொரு நூலின் காரணமாக நம்மவர் இவரை ஒதுக்கினர். மருத்துவன் நம்மவனல்லன் என்பதற்காக நோயையே மறுப்பதும் ஒருவகைக் குரூரே.

எனினும் நூலின் குறையைச் சொல்லாதிருக்க இயலாது. அரபுலகின் சோசலிசம் அரைகுறையானது, முழுமையான புரட்சியே மருந்து என்று அவர் கருதுகிறார். அந்தப் புரட்சியின் தாயகமான சோவியத் நாடே 1979 டிசம்பரில் ஆப்கானிஸ்தானில் நுழைந்து, 1989 பிப்ரவரியில்தான் வெளியேறியது. கொள்கை முழுமையாக இருந்தும் குரூர் தடுக்கப்படவில்லை. எல்லோரையும் விசாரித்த ஆசிரியர் தம் முகாமை மட்டும் விசாரணையிலிருந்து விலக்கிவிட்டார். இமாம் அவர்களோ முதலில் விசாரித்தது தம்மினத்தாராகிய ஆலிம்களையே.

குரூருக்கு மருந்து முஹாஸபா எனும் தற்கணக்கெடுப்பு. தனிமனிதன் அதைத் தன் நஃப்ஸுடன் தனித்திருந்து செய்யலாம். ஆட்சியாளனால் அது இயலாது. கசப்பான செய்தியை அஞ்சாமல் எடுத்துச் சொல்பவர்கள் அவனருகே இருந்தாக வேண்டும். நம் ஜமாஅத்துகளின், கல்லூரிகளின் நிர்வாகங்களில் அத்தகையோருக்கு இடமிருக்கிறதா என்பதே இந்நூல் நம்மிடம் விட்டுச்செல்லும் கேள்வி.